தனியொருவருக்குக் கப்பலில் ஓர் இடம்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, இருபத்து நான்கு அடி ஆழத்தில் 3,645 மில்லியன் கன அடி நீரைத் தேக்கி நிற்கும் ஏரியின் கரையில் குடியிருக்கும் செம்பரம்பாக்கத்து ஜனங்களுக்கு அகன்ற நீர்ப்பரப்பு ஒரு புதிய காட்சியன்று; மழைக்காலம் வந்துவிட்டால் ஏரி எத்தனை அடி என்று விசாரித்துக்கொண்டுதான் எங்கள் ஊரில் பொழுதே விடியும். ஆயினும், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கிழக்கே சென்று, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, நாலைந்து நாட்கள் சமுத்திரத்தின்மேல் தங்கிவருவது என்பது அண்மைக்காலம் வரையில் எங்களைப் போன்ற மத்தியதர வர்க்கத்தாருடைய யோசனைக்கு எட்டாத காரியமாகவே இருந்துவந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி, ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பலின் பிரயாணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையிலிருந்து தொடங்கிவைத்ததும், மறு ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டதும் இந்த நிலைமையை மாற்றின. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞரும், ஆவடியிலும் அம்பத்தூரிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்களும் இப்போது கப்பலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போக நினைக்கிறவர்களுக்குத்தான் யாரும் இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன; பிள்ளைகள் வெளிநாட்டில். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒருமுறை கப்பலில் போய்வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முகவரிடம் விசாரித்துத் திரும்பியவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. “ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னுதானே சார் போட்டிருக்கான்? நான் ஒரு ஆள்தானே போறேன்? ரெண்டு பேர் காசு குடுன்னா என்ன நியாயம்?” என்றார். கோபத்தைவிட அவமானமே அந்தக் குரலில் மிகுந்திருந்தது. துணையை இழந்தவரிடம், வராத துணைக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்பது எத்தனை கூர்மையாகத் தைக்கும் என்பதை விலைப்பட்டியல் தயாரிக்கிறவர்கள் சிறிதாவது நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றியது.

இதன் காரணத்தை முதலில் விளங்கிக்கொள்வது அவசியம். உல்லாசக் கப்பல்களில் விளம்பரப்படுத்தப்படும் கட்டணம், ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டு, அவர்களில் ஒருவருக்கு ஆகும் தொகை. அறையில் ஒருவர்தான் தங்குகிறார் என்றால், மற்றவருடைய இடம் வெறுமையாகப் போகிறது என்று சொல்லி, அந்த இடத்துக்கும் சேர்த்து முழுதாகவோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ வசூலிக்கிறார்கள். கப்பல் கம்பெனிகளுக்குப் பயணச்சீட்டில் மட்டுமன்றி, கப்பலுக்குள் பிரயாணிகள் குடிக்கும் பானத்திலும், வாங்கும் பொருளிலும், கரையிறங்கிச் சுற்றிப்பார்க்கும் ஏற்பாட்டிலும் கணிசமான வருமானம் உண்டாதலால், ஒரு பிரயாணி குறைந்தால் அந்த வருமானமும் குறைகிறது என்பது அவர்களுடைய வாதம். வியாபாரக் கணக்கில் இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதில் பிரயாணி கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்குரிய சேவைத்தொகை முதலியவை தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுகிறவை. அறையில் ஒருவர் இருந்தால் ஒருவருக்குத்தான் அவற்றைக் கேட்கலாம். உதாரணமாக, ஒருவருக்கு 20,000 ரூபாய் என்று விளம்பரம் கண்டால், அதில் அறைக்கட்டணம் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்கிக்கொண்டு, இரட்டிப்பாவது அறைக்கட்டணம் மட்டுந்தானா என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்டவேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் வெட்கப்படவேண்டியதில்லை.

இனி அறையைப் பற்றி. நம் துறைமுகத்துக்கு வந்த ‘எம்ப்ரஸ்’ கப்பலின் பூர்வசரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் அதன் அறைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானே விளங்கும். பிரான்ஸ் தேசத்தில் சான் நசேர் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு, 1990-ஆம் ஆண்டு ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்னும் பெயரில் ராயல் கரீபியன் கம்பெனிக்காகக் கடலில் இறங்கிய கப்பல் அது. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் போய்த் திரும்பும் குறுகிய பிரயாணங்களை உத்தேசித்தே அதை வடிவமைத்தார்கள். அத்தகைய பிரயாணத்தில் ஜனங்கள் அறையில் தங்குவது சொற்ப நேரமே என்று எண்ணி அறைகளைச் சிறியனவாகவும், பொது இடங்களை விசாலமாகவும் அமைத்தார்கள். ஒவ்வோர் அறைக்கும் பால்கனி என்னும் வழக்கம் பரவலாகுமுன் பிறந்த கப்பலாதலால் பால்கனி உள்ள அறைகளும் அதில் மிகக் குறைவு. பிறகு பல பெயர்களும் சில கைகளும் மாறி, 2021-ஆம் ஆண்டு முதல் கோர்டீலியா கம்பெனியின் கப்பலாக நம் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஓடிவருகிறது. ஆகவே, சாமானியப் பிரயாணி தேர்ந்தெடுக்கவேண்டியது பெரும்பாலும் இரண்டுக்குள் ஒன்று: ஜன்னலே இல்லாத உள்ளறை, அல்லது கடல் பார்த்த ஜன்னலறை.

தனியாகப் போகிறவர், செலவையும் கருதுகிறவராக இருந்தால், உள்ளறையையே எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இரட்டைக் கட்டணம் என்கிற தண்டனை பெரும்பாலும் அறைக்கட்டணத்தின் விகிதத்திலேயே விழுவதனால், அடிப்படைத் தொகை எவ்வளவுக்கெவ்வளவு குறைவோ, வீணாகப் போகும் பணமும் அவ்வளவுக்கவ்வளவு குறையும். இருவர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கவேண்டிய சிற்றறை ஒருவருக்குப் போதுமானதாகவே இருக்கும். கதவைத் திறந்தால் காலிடறும் உயரத்தில் குளியலறையின் வாசற்படி; அதற்கெதிரே சட்டைகள் மாட்ட ஒரு குறுகிய அலமாரி; அப்பால் இருபுறமும் ஒடுங்கிய இரண்டு கட்டில்கள், நடுவே ஒருவர் மட்டும் நிற்க இடம்; தலைமாட்டில் சிறு விளக்கு. கட்டில்களைச் சேர்த்துப் போடச் சொல்லலாம். அல்லது ஒன்றில் படுத்து மற்றதில் பெட்டியையும் துணிமணிகளையும் பரப்பிக்கொள்ளலாம். விளக்கை அணைத்துவிட்டால் நண்பகலிலும் நள்ளிரவின் இருட்டு சூழ்ந்துகொள்ளும். சிலருக்கு அது நல்ல நித்திரை. மூச்சுமுட்டுவதுபோல் உணர்கிற சுபாவமுடையவர்களுக்கோ அது பெரும் வேதனை. அப்படிப்பட்டவர்கள் மற்றச் செலவுகளைக் குறைத்துக்கொண்டாவது ஜன்னலறை எடுப்பதே உத்தமம். ஆனால் வாங்குகிற ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். சில ஜன்னல்களை உயிர்காக்கும் படகுகள் மறைத்துக்கொண்டு தொங்கும். அவற்றின் கட்டணம் குறைவு, வெளிச்சம் மட்டும் போதும் என்பவருக்கு அது லாபமான பேரமே. சென்னையிலிருந்து இலங்கையை நோக்கித் தெற்கே போகும்போது இடப்புறத்து ஜன்னலில் சூரியோதயமும், வலப்புறத்து ஜன்னலில் அஸ்தமனமும் கிடைக்கும். திரும்புகாலில் இவை இடம் மாறும்.

அறையின் வகையைக் காட்டிலும் அறை கப்பலில் இருக்கும் இடமே அதிக முக்கியம் என்று சொன்னால், இதுவரை கப்பலேறாதவர்கள் நம்பமாட்டார்கள். கப்பல் அலையின்மேல் செல்லுகையில் முகப்பும் பின்புறமும் மாறிமாறி எழுந்து தாழ்கின்றன. கூடவே இடமும் வலமுமாகவும் அசைகின்றது. ஏற்றப் பலகையில் நடுவே உட்கார்ந்த பிள்ளை அசைவை அதிகம் உணராமல், இரு முனைகளிலும் உள்ள பிள்ளைகளே உயர்ந்து தாழ்வதுபோல, கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் இருக்கிற அறைகளுக்கு ஆட்டம் குறைவு. மேல்தளத்து அறைகளுக்கு அந்தஸ்தும் விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். கடற்பிரயாணத்தில் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால், குடும்பத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்கவும் வைத்தியரை அழைத்துவரவும் பக்கத்தில் ஆள் உண்டு. தனியாக வந்தவர் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளவேண்டும். ஆதலால் மற்ற யாரையும்விடத் தனிப்பிரயாணிக்குத்தான் நடுப்பகுதிக் கீழ்த்தள அறை அதிக அவசியம். அதிர்ஷ்டவசமாக அதுவே பெரும்பாலும் மலிவான அறையாகவும் இருக்கிறது. வங்காள விரிகுடாவோ சாந்தமான கடல் என்று சொல்லத்தக்கதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அரபிக்கடல் அளவுக்குக் கொந்தளிக்காவிட்டாலும் அலை இருக்கவே செய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்களின் காலம் என்பதை, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏரி நிரம்பி அடையாறு பெருக்கெடுத்ததைக் கண்ட எங்கள் ஊராருக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். அப்போது நம் துறைமுகத்திலிருந்து கப்பல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இருக்கிற மாதத்தில் நடுப்பகுதி அறையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

சப்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்புறத்து அறைகளில் இயந்திரத்தின் அதிர்வு கட்டில் வரையில் ஏறிவரும். முகப்பில், விடியற்காலையில் கப்பல் துறைமுகத்தை அணுகும்போது நங்கூரச் சங்கிலியின் பேரோசை எழுப்பிவிடும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே அறை அமைந்தால், அதிகாலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் ஒலி தலைக்குமேல் கேட்கும். நாடகசாலைக்கும் நடனக்கூடத்துக்கும் மேலோ கீழோ அமைந்தால் நள்ளிரவு தாண்டியும் மத்தள ஓசை ஓயாது. தள வரைபடம் என்று ஒன்றைக் கப்பல் கம்பெனிகள் வெளியிடுகின்றன. அதை விரித்து வைத்துக்கொண்டு, தாம் எடுக்கும் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும்படியாகப் பார்த்து எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. பக்கத்து அறைக்கு உள்வழியாகக் கதவு உள்ள அறைகளைத் தவிர்க்கவேண்டும்; அந்தக் கதவு வழியே பேச்சு முழுதும் கேட்கும். தலைக்குமேல் மடக்கிவைத்த படுக்கைகள் உள்ள அறைகள் மூன்று நான்கு பேர் தங்கும் குடும்பங்களுக்காக ஏற்பட்டவை. தனியொருவருக்கு அவற்றால் பிரயோஜனமில்லை.

பெண்கள் தனியாகச் செல்லும்போது, நீண்ட நடைபாதையின் கோடியில் உள்ள அறையைவிட, மாடிப்படிக்கும் மின்தூக்கிக்கும் சற்று அருகே, ஜனநடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கும் அறையே மேல். கொஞ்சம் சத்தம் இருந்தாலும் மனநிம்மதி பெரிது. கதவின் உட்தாழ் சரியாக விழுகிறதா என்று ஏறியவுடனே பார்த்துக்கொள்ளவேண்டும். அறை எண்ணை யாருக்கும் சத்தமாகச் சொல்லக்கூடாது. இவை வீட்டில் தாய்மார் சொல்லும் புத்திமதிகள்தாம். கப்பலிலும் அவை செல்லுபடியாகும்.

மிகக் குறைந்த விலைக்கு ஒரு வழி இருக்கிறது. அறை எண்ணைச் சொல்லாமல், இந்த வகையில் ஏதாவது ஓர் அறை நிச்சயம் என்று மட்டும் வாக்களித்து, எங்கே என்பதைக் கம்பெனியே கடைசியில் தீர்மானிக்கும் சீட்டு அது. தேகதிடமும் நல்ல உறக்கமும் உள்ள இளைஞர் அதைத் தாராளமாக எடுக்கலாம். எங்கள் தெரு ஆசிரியை போன்றவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இவ்வளவும் அறையை விற்கும் கப்பல்களைப் பற்றியவை. படுக்கையை விற்கும் கப்பல்களும் நம் துறைமுகத்திலிருந்தே ஓடுகின்றன என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் (2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த ஊருக்கும்) இடையே ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க மூன்று நாட்கள் எடுத்துக்கொள்ளும் அந்தமான் கப்பல்களில், ‘நான்கௌரி’, ‘ஸ்வராஜ் த்வீப்’ முதலிய பெயர்கள் துறைமுகத்துப் பக்கம் எல்லாருக்கும் பழக்கமானவை. டீலக்ஸ் அறையில் இரண்டு படுக்கைகள், முதல் வகுப்பில் நான்கு, இரண்டாம் வகுப்பில் நான்கு முதல் ஆறு வரை, எல்லாவற்றுக்கும் கீழே ‘பங்க்’ வகுப்பு என்று கப்பலுக்குக் கப்பல் சிறிது மாறுபாட்டுடன் அவை அமைந்திருக்கும். எந்த வகுப்பானாலும் ஒருவர் ஒரு படுக்கைக்குத்தான் பணம் கட்டுகிறார். துணை வந்தாரா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ரயிலில் போல, மற்றப் படுக்கைகளுக்கு வேறு பிரயாணிகள் வருவார்கள். தனியொருவருக்கு இதைக் காட்டிலும் நியாயமான ஏற்பாடு வேறொன்றை நான் அறியேன்.

பங்க் வகுப்பில் சௌகரியத்தை எதிர்பார்க்கக்கூடாது. பெரிய கூடத்தில் இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்த படுக்கைகள் வரிசை வரிசையாக இருக்கும். மெல்லிய மெத்தையின்மேல் விரிக்க விரிப்பும், குளிருக்குப் போர்வையும் நாமே கொண்டுபோவது நல்லது. குழந்தைகளின் அழுகை, தாயம் ஆடுகிறவர்களின் கூச்சல், உணவு நேரத்தை அறிவிக்கும் ஒலிபெருக்கி, பொதுக் குளியலறைக்கு முன்னால் காத்திருப்பு, எல்லாம் உண்டு. மூன்றாம் நாளுக்குள் எதிர்வரிசைக் குடும்பத்தார் எலுமிச்சை ஊறுகாயும் தங்கள் மகளுடைய கல்யாண விஷயமும் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு நெருங்கிவிடுவார்கள். நடுத்தர வயதினருக்கும் முதியவர்களுக்கும் இரண்டாம் வகுப்பில் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குவதே என் சிபாரிசு. கட்டணத்துக்கும் சௌகரியத்துக்கும் இடையே அதுவே ஒத்துப்போகும் இடம். முதல் வகுப்பும் டீலக்ஸும் வேண்டுமென்றால் விலை இன்னும் ஏறும். கப்பல் புறப்படும் தேதிகள் வானிலையைப் பொறுத்து மாறக்கூடுமாதலால், திரும்பிவந்து மறுநாளே உத்தியோகத்தில் சேரவேண்டியவர்கள் இதை நம்பிப் புறப்படவேண்டாம்.

படுக்கையை மட்டும் வாங்கிக் கடல் கடந்த பிரயாணம் தமிழருக்குப் பழகியதே. 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிற்று. அதில் போனவர்களில் பெரும்பாலோர் அறை வாங்க வசதியில்லாத டெக் பிரயாணிகள். திறந்த தளத்தில் பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போனவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுத் தனியாகப் பிழைக்கப் போன ஆடவர்கள். பின்னர் 1972 முதல் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளாகிப் பலர் மாண்டதோடு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. அந்தக் கப்பல்களின் கஷ்டங்களை நான் புகழ்ந்துரைக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு கட்டணம் என்கிற நியதி அந்தக் கஷ்டத்திலும் காக்கப்பட்டது என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

செல்வ நாடுகளின் பெரிய கப்பல்களிலும் இந்த நியதி இப்போது சிறிது சிறிதாகத் திரும்பிவருகிறது. 2010-ஆம் ஆண்டு கடலில் இறங்கிய ‘நார்வேஜியன் எபிக்’ கப்பலில், ஒவ்வொன்றும் சுமார் நூறு சதுர அடி கொண்ட 128 அறைகளைத் தனிப்பிரயாணிகளுக்காகவே கட்டி, ஒருவருக்கென்றே விலை வைத்தார்கள். அவ்வறைகளில் தங்குகிறவர்கள் மட்டும் கூடிப் பேசுவதற்கு ஒரு பொது மண்டபத்தையும் அமைத்தார்கள். அறை சிறிது, ஆனால் கதவைத் திறந்து நாலடி வைத்தால் தன்னைப்போலவே தனியாக வந்த பத்துப்பேர் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார்கள் என்பது எவ்வளவு மனிதத்தன்மை வாய்ந்த யோசனை! 2016-ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட ‘குவீன் மேரி 2’ கப்பலிலும் ஒருவருக்கான பதினைந்து அறைகளைச் சேர்த்தார்கள். நம் கடலில் ஓடும் உல்லாசக் கப்பல்களில் புதிதாக அறை கட்ட முடியாவிட்டாலும், கீழ்த்தள உள்ளறைகளில் ஒரு பத்தையாவது ஒற்றைக் கட்டணத்துக்கு ஒதுக்கிவைக்க முடியாதா? விதவைகளும், மணம் செய்துகொள்ளாதவர்களும், துணைவரின் உடல்நிலை இடங்கொடாததால் தனியே புறப்படுகிறவர்களும் நம் சமூகத்தில் எண்ணிக்கையில் குறைந்தவர்களல்லர்.

தனியாகக் கப்பலில் போவதற்கென்று ஒரு பேறும் இருக்கிறது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயர்பெற்ற ஏ.கே. செட்டியார், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு வரலாற்றுப் படம் எடுக்கவேண்டும் என்று எண்ணினார். தேசந்தேசமாய் அலைந்து துணுக்குப் படங்களைத் திரட்டி, 1940-ஆம் ஆண்டு அதை முடித்து வெளியிட்டார். அறையிலும் தளத்திலும் பேசிக்கொண்டேயிருக்க ஆளில்லாத நீண்ட பொழுது, யோசிக்கும் மனத்துக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஆசிரியையிடம் நான் சொன்னது இதுதான்: நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், மேலும் கீழும் அறைகளே உள்ள ஓர் உள்ளறையை எண் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், இரட்டிப்பு எதற்கெல்லாம் என்று எழுதி வாங்குங்கள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை நெரிசலை நம்பாமல் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்; கப்பல் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே ஏற்றத்தை நிறுத்திவிடுவார்கள். அறைக்குள் நுழைந்தவுடன் பெட்டியைத் திறக்காமல், கட்டிலில் ஐந்து நிமிஷம் படுத்து, குளிர்காற்று நேரே முகத்தில் படுகிறதா, குளியலறையில் தண்ணீர் வடிகிறதா, சுவரில் அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் தயங்காமல் வரவேற்பு மேஜைக்குப் போய், வேறு அறை காலியிருக்கிறதா என்று கேளுங்கள். நங்கூரம் எடுப்பதற்குள் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.